இரும்பு எங்கே போனது? கோவிட்டும் ரத்தச் சோகையும்: கேள்வி பதில்

அரசாங்க மருத்துவமனை லேபில் ரத்தம் பார்த்தே ஓய்வு பெற்றவன் நான். டாக்டர் இல்லை, மருந்து எழுதித் தர மாட்டேன். ரிப்போர்ட்டில் இருக்கும் எண்கள் என்ன சொல்கின்றன என்று சொல்லத் தெரியும். மலேசியாவின் பெஸ்தாரி ஜெயாவில் கடைக்குப் போனாலும் கோவிலுக்குப் போனாலும் யாராவது ஒரு ரிப்போர்ட்டை நீட்டி, “கோவிட்டுக்கு அப்புறம் ஹெச்பி இறங்கிடுச்சுண்ணே” என்கிறார்கள். ஹெச்பி என்றால் ஹீமோகுளோபின், சிவப்பணுவுக்குள் ஆக்சிஜனைச் சுமக்கும் பொருள். அது குறைவதுதான் ரத்தச் சோகை. அதனால் எல்லாரும் ஒரே இடத்தில் கேளுங்கள் என்றேன். கேட்டவர்களின் பெயர்களை எடுத்துவிட்டேன்.

மாமனாருக்கு வயது 67. கோவிட் நிமோனியாவில் வார்டில் இருக்கிறார். சேர்க்கும்போது ஹெச்பி 13.4, பத்து நாளில் 10.2. ஃபெரிட்டின் 1,100 என்று எழுதியிருக்கிறார்கள். ரத்தச் சோகை என்கிறார்கள், ஆனால் இரும்பு மாத்திரை தரவில்லை. நாங்களே வெளியில் வாங்கிக் கொடுக்கலாமா? (தோட்டத்து அக்கா)

வேண்டாம் அக்கா. ஃபெரிட்டின் என்பது இரும்பைச் சேமித்துவைக்கும் புரதம். அவர் உடம்பில் இரும்பு இருக்கிறது. வெளியே வரத்தான் வழியில்லை.

கிருமி உடம்புக்குள் வந்ததும் அழற்சி கிளம்பும். ஐ.எல்-6 என்ற பொருள் ரத்தத்தில் ஏறும். அதைப் பார்த்ததும் கல்லீரல் ஹெப்சிடின் என்ற ஹார்மோனைச் சுரக்கும். தோட்டத்தில் திருட்டு பயம் வந்தால் ஸ்டோரைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொள்வார்களே, ஹெப்சிடின் செய்வதும் அதைத்தான். குடலின் உயிரணுக்களிலும், பழைய சிவப்பணுக்களைத் தின்று இரும்பைச் சேமிக்கும் அணுக்களிலும், இரும்பு வெளியேற ஃபெரோபோர்ட்டின் என்று ஒரே ஒரு கதவுதான். ஹெப்சிடின் அந்தக் கதவையே அழித்துவிடும். நிறைய கிருமிகளுக்கு வளர இரும்பு வேண்டும் என்பதால் உடம்பு பழக்கிவைத்திருக்கும் தற்காப்பு இது. அதன் விலை, சிவப்பணுக்களை உருவாக்கும் எலும்பு மஜ்ஜைக்கும் இரும்பு கிடைக்காமல் போவது. ரிப்போர்ட்டில் சீரம் அயன் (ரத்தத்தில் ஓடும் இரும்பு) குறைவாகவும் ஃபெரிட்டின் உச்சத்திலும் நிற்கும். இந்த நிலையில் மாத்திரை கொடுத்தால் குடலே அதை உள்ளே விடாது. மலச்சிக்கலும் வயிற்று எரிச்சலும்தான் மிச்சம்.

ஆனால் இன்னொரு கணக்கும் இருக்கிறது, அதையும் கவனியுங்கள். சிவப்பணுவின் ஆயுள் ஏறத்தாழ 120 நாள். உற்பத்தி முழுசாக நின்றுபோனாலும் ஒரு நாளைக்கு நூற்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைவாகத்தான் கரையும். பத்து நாளில் 13.4 என்பது 12.3 வாக்கில் நிற்க வேண்டும். 10.2 என்றால் மீதி எங்கே போனது? டிரிப் ஏற்றியதில் ரத்தம் நீர்த்துப்போயிருக்கலாம். தினமும் பரிசோதனைக்கு எடுப்பதும் சேரும். ஐசியூ நோயாளியிடம் ஒரு நாளைக்கு 40 மில்லிக்கு மேல்கூட எடுத்துவிடுவது உண்டு. இவை போக, ரத்தம் உறையாமலிருக்க ஹெப்பாரின் ஊசி போடுவார்கள், அழற்சியை அடக்க டெக்ஸாமெதசோனும் கொடுப்பார்கள். இரண்டும் சேரும்போது வயிற்றுக்குள் எங்காவது கசியலாம். மாமனார் மலம் தார் மாதிரி கறுப்பாகப் போகிறதா என்று கேளுங்கள். ஆம் என்றால் இன்றைக்கே நர்ஸிடம் சொல்லுங்கள், அடுத்த விசிட்டிங் நேரத்துக்குக் காத்திருக்க வேண்டாம்.

ஹெச்பி எவ்வளவு இருந்தால் ரத்தச் சோகை?

உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி ஆண்களுக்கு 13க்குக் கீழே, பெண்களுக்கு 12க்குக் கீழே. கர்ப்பிணிக்கு 11, நடு மூன்று மாதத்தில் மட்டும் 10.5.

பீட்ரூட் ஜூஸ் குடித்தால் ஏறுமா?

நிறம்தான் சிவப்பு. பிடித்தால் குடியுங்கள்.

விரலில் மாட்டும் கருவியில் 98 காட்டுகிறது. ஆனால் மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. கருவி பொய் சொல்கிறதா, அண்ணே? (தாமானிலிருந்து ஒரு தம்பி)

கருவி சரியாகத்தான் சொல்கிறது தம்பி, அதனிடம் நீங்கள் கேட்பதுதான் வேறு. இருக்கிற ஹீமோகுளோபினில் எத்தனை சதவீதம் ஆக்சிஜன் ஏற்றியிருக்கிறது என்பதை மட்டும்தான் அது சொல்லும். ஹீமோகுளோபின் எவ்வளவு இருக்கிறது என்பது அதற்குத் தெரியாது.

கணக்குப் போடுவோம். ஒரு கிராம் ஹீமோகுளோபின் முழுசாக ஏற்றினால் 1.34 மில்லி ஆக்சிஜன். ஹெச்பி 14 என்றால் 100 மில்லி ரத்தத்தில் 14 கிராம், அது சுமப்பது ஏறக்குறைய 19 மில்லி. ஹெச்பி 7 இருப்பவருக்கு அதில் பாதி. இரண்டு பேர் விரலிலும் 98தான் காட்டும். ஆகவே 98ஐப் பார்த்து நிம்மதியாக இருக்காதீர்கள், ஒரு முறை முழு ரத்த எண்ணிக்கை பாருங்கள். ஹெச்பி சரியாக இருந்தும் மூச்சு வாங்கினால் அது நெஞ்சு, இதயம் சம்பந்தப்பட்டதாக இருக்கலாம். டாக்டரிடம் போங்கள்.

நம் ஆட்களுக்கு இன்னொரு சங்கதி. கறுத்த தோலில் இந்தக் கருவி சில சமயம் உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டும். 2020 டிசம்பரில் அமெரிக்க நோயாளிகளை வைத்து இதை எழுதினார்கள். கருவி 92 முதல் 96 வரை காட்டும்போதே உண்மையான அளவு 88க்குக் கீழே இருந்த ஆட்கள், வெள்ளையர்களைவிடக் கறுப்பினத்தவரில் ஏறக்குறைய மூன்று மடங்கு. கோவிட் காய்ச்சலில் 94, 95 என்று நின்றால், ஆளைப் பாருங்கள். எண்ணை மட்டும் பார்க்காதீர்கள்.

முருங்கைக்கீரை, பேரீச்சம்பழம்?

நல்ல சாப்பாடு. மருந்து இல்லை. கீரையில் இருக்கும் இரும்பு உடம்பில் ஒட்டுவது கொஞ்சம்தான். ஈரல், இறைச்சி, கெராங் சிப்பி இவற்றில் இருப்பது நன்றாக ஒட்டும். கெராங்கை அரைவேக்காட்டில் சாப்பிட்டு மஞ்சள் காமாலையோடு வந்து நிற்காதீர்கள்.

லேபிலிருந்து கூப்பிட்டு, “ரத்தம் கட்டிகட்டியாக இருக்கிறது, மறுபடி எடுக்கணும்” என்றார்கள். அண்ணனுக்குக் கோவிட். ஊசி போடத் தெரியாத பிள்ளை எடுத்திருக்கும் என்கிறார் அவர்.

அந்தப் பிள்ளையைத் திட்டாதீர்கள். இது எனக்குப் பிடித்த சமாச்சாரம், கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

ஊதா மூடிக் குழாயை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துச் சாய்த்தால், நல்ல ரத்தம் கண்ணாடியில் வழவழவென்று வழியும். சிலருடையது மணல் ஒட்டினாற்போல் பொடிப்பொடியாகச் சுவரில் நிற்கும். அதை மெஷினில் விட்டால் சிவப்பணு எண்ணிக்கை அநியாயத்துக்குக் குறைவாகவும், சிவப்பணுவுக்குள் ஹீமோகுளோபின் எவ்வளவு அடர்த்தி என்று சொல்லும் எம்.சி.ஹெச்.சி என்ற எண் நம்ப முடியாத உயரத்திலும் வரும். எண்ணைப் பார்த்ததுமே அனுபவமுள்ளவன் கையை எடுத்துவிடுவான். குழாயை 37 டிகிரியில் கொஞ்ச நேரம் வைத்துச் சூடாக்கி மறுபடி ஓட்டினால் பொடி கரைந்து எண்களெல்லாம் ஒழுங்குக்கு வரும். குளிரில் சிவப்பணுக்களை ஒன்றோடொன்று ஒட்டவைக்கும் எதிர்ப்புப் பொருள் அந்த ரத்தத்தில் இருக்கிறது என்று அர்த்தம். சில தொற்றுகளுக்குப் பின்னால் இது வரும். கோவிட்டிலும் வந்ததாக 2020லிருந்தே எழுதியிருக்கிறார்கள். பல பேருக்கு லேபோடு முடிந்துவிடும். சிலருக்கு உடம்புக்குள்ளேயே சிவப்பணுக்கள் உடையும். அப்போது கண் மஞ்சளிக்கும், சிறுநீர் பால் கலக்காத தே-ஓ தேநீர் நிறத்தில் போகும். சிவப்பணு மேல் எதிர்ப்புப் பொருள் ஒட்டியிருக்கிறதா என்று பார்க்கும் கூம்ஸ் டெஸ்ட் எடுத்தார்களா என்று டாக்டரிடம் கேளுங்கள். அபூர்வம்தான், ஆனால் விட்டுவிடக் கூடாது.

கோவிட் நுரையீரல் நோயே இல்லை. 2020லேயே ஆராய்ச்சி வந்துவிட்டது. வைரஸ் ஹீமோகுளோபினில் புகுந்து இரும்பைப் பிடுங்கி எறிகிறது. அதனால்தான் ஃபெரிட்டின் ஏறுகிறது, ஆக்சிஜன் இறங்குகிறது. நீங்கள் ஹெப்சிடின் கதை சொல்லி மறைக்கிறீர்கள். (ஓய்வுபெற்ற கிராணி, அதாவது தோட்டத்து எழுத்தர்)

கிராணி ஐயா, மறைக்க என்னிடம் என்ன இருக்கிறது! அந்தக் கட்டுரையை நானும் படித்தேன். 2020ல், மற்ற ஆய்வாளர்களின் சரிபார்ப்புக்குப் போகாத நிலையிலேயே இணையத்தில் வந்தது. கணினியில் புரதங்களைப் பொருத்திப் பார்த்தார்களே தவிர, ஒரு சொட்டு நோயாளி ரத்தம் அதில் இல்லை. நீங்கள் சொல்வது உண்மையென்றால் லேபில் என்ன தெரிய வேண்டும்? இரும்பு வெளியே கொட்டினால் சீரம் அயன் ஏற வேண்டும். ஆனால் கோவிட் நோயாளிகளுக்கு அது இறங்குகிறது, நோய் கடுமையாகும்போது இன்னும் இறங்குகிறது. அங்கேயே கதை முடிந்தது. ஃபெரிட்டின் ஏறுவது அழற்சியால். டெங்கியிலும்தான் அது ஏறுகிறது.

எல்.டி.ஹெச் ஏறுகிறதே? சிவப்பணு உடைந்தால் அது ஏறும் என்று நீங்களே ஒரு முறை சொன்னீர்கள். (அதே கிராணி)

சொன்னேன், சரிதான். எல்.டி.ஹெச் அணுக்களுக்குள் இருக்கும் ஒரு நொதி. சிவப்பணு உடைந்தாலும் ஏறும், நுரையீரல் திசு சேதமானாலும் ஏறும், தசை சேதமானாலும் ஏறும். அதனால்தான் அதைத் தனியாகப் படிக்க மாட்டோம். சிவப்பணு உடைகிறது என்றால் சிதறும் ஹீமோகுளோபினைப் பிடித்துக்கொள்ளும் ஹாப்டோகுளோபின் காணாமல் போகும், காமாலை மஞ்சளைத் தரும் பிலிருபின் ஏறும், குழாயைச் சுழற்றிவைத்தால் மேலே நிற்கும் நீர் இளஞ்சிவப்பாக இருக்கும். கோவிட் நோயாளிகளில் பெரும்பாலானவர்களுக்கு அது வைக்கோல் மஞ்சளாகத்தான் நின்றது.

அப்படியென்றால் ஆக்சிஜன் 80க்கு இறங்கியும் உட்கார்ந்து போன் பேசினார்களே, நுரையீரல் கெட்டவன் அப்படிப் பேசுவானா? (அதே கிராணி. “ஐயா சொல்வதில் நியாயம் இருக்கிறது” என்று இன்னும் மூன்று பேர்.)

நல்ல கேள்வி. இதற்கு மட்டும் உங்களுக்கு ஒரு தே தாரேக் வாங்கித் தரலாம். மூச்சுத் திணறலை உணரவைப்பதில் பெரிய பங்கு ரத்தத்தில் கரியமிலவாயு கூடுவதற்கு. ஆக்சிஜன் குறைவதன் பங்கு அதைவிடச் சிறியது. கோவிட்டின் தொடக்கத்தில் நுரையீரல் இன்னும் இறுகியிருக்காது. கரியமிலவாயு சுலபமாக வெளியேறிவிடும். அதனால் ஆள் சாதாரணமாக இருப்பார், அளவு பாட்டுக்கு இறங்கும். 2021 ஜூலை, ஆகஸ்டில் கிள்ளான் பள்ளத்தாக்கு தத்தளித்தபோது, வீட்டிலிருந்த நோயாளிகளை ஆக்சிஜன் அளவைத் தொடர்ந்து பார்க்கச் சொன்னது இதனால்தான்.

இன்னொன்று. ஹீமோகுளோபினே கெட்டுப்போயிருந்தால் ஆக்சிஜன் முகமூடி போட்டும், குப்புறப் படுக்கவைத்தும் அளவு ஏறியிருக்குமா? ஏறியதே! நோயாளிகளின் ஹீமோகுளோபின் ஆக்சிஜனைப் பிடிக்கும் திறனை அளந்தும் பார்த்தார்கள், மற்றவர்களுடையதைப் போலத்தான் இருந்தது. ஐயா, தோட்டத்தில் உங்கள் கணக்குப் புத்தகத்தில் ஒரு சென் பிசகியதில்லை என்பது ஊருக்கே தெரியும். அதே கண்ணோடு இந்தக் கணக்கையும் பாருங்கள். இதற்கு மேல் இந்த விஷயத்தில் பதில் சொல்ல மாட்டேன். மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

கோவிட் வந்து போய் ஒரு மாதம். களைப்பாக இருக்கிறது. இரும்பு மாத்திரை சாப்பிடலாமா?

ஃபெரிட்டின் பாருங்கள்.

எனக்கும் களைப்பு. மருந்துக்கடையில் இரும்பு டானிக் வாங்கிவிட்டேன்.

ஃபெரிட்டின் பார்த்தீர்களா?

ஃபெரிட்டின் 45 வந்திருக்கிறது, நார்மல் என்று அச்சிட்டிருக்கிறது. ஹெச்பி 10.6. மாதவிலக்கு அதிகம். அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி இன்னும் ஏறித்தான் இருக்கிறது. (ஆசிரியை ஒருவர்)

அச்சிட்டிருப்பதை நம்பி விட்டுவிடாதீர்கள் டீச்சர். உடம்பில் அழற்சி இல்லாதபோது 15க்குக் கீழே போனால்தான் இரும்புக் குறைவு. அழற்சி இருக்கும்போது ஃபெரிட்டின் பொய்யாக ஏறி நிற்பதால் உலகச் சுகாதார நிறுவனம் கோட்டை 70க்கு உயர்த்திவைத்திருக்கிறது. உங்கள் 45 அந்தக் கோட்டுக்குக் கீழே. முதலில் பூட்டின கதை சொன்னேனே, உங்கள் விஷயத்தில் ஸ்டோரும் காலியாக இருக்க வாய்ப்பு உண்டு. டாக்டரிடம் இதைக் காட்டிக் கேளுங்கள். மாத்திரை தந்தால் தேநீரோடு சேர்த்து விழுங்காதீர்கள், ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். வயிறு புரட்டினால், ஒரு நாள் விட்டு ஒரு நாள் எடுக்கலாமா என்று கேளுங்கள், உறிஞ்சுவதும் நன்றாகவே இருக்கும். ஹெச்பி சரியானதும் நிறுத்திவிடாதீர்கள், சேமிப்பு நிரம்ப மேலும் சில மாதம் ஆகும். மாதவிலக்கு ஏன் அதிகம் என்பதையும் பார்க்கச் சொல்லுங்கள்.

இனிப்புநீர் உள்ள அப்பா வார்டில் இரண்டு பை ரத்தம் ஏற்றிக்கொண்டு வந்தார். இப்போது ஹெச்பிஏ1சி 6.1! முன்பு 9. கோவிட் இனிப்புநீரைக் குறைத்துவிட்டதா?

இல்லை தம்பி. ஹெச்பிஏ1சி என்பது சிவப்பணுவில் ஒட்டிய சர்க்கரையை வைத்து இரண்டு மூன்று மாதச் சராசரியைச் சொல்லும் எண். ஏற்றிய ரத்தம் வேறு யாருடையதோ. ரத்தம் கொடுத்தவருடைய சர்க்கரையின் சரித்திரமும் சேர்ந்தே வந்திருக்கிறது. மூன்று மாதம் அந்த எண்ணைக் கணக்கில் எடுக்காதீர்கள், விரலில் குத்திப் பார்க்கும் அளவை நம்புங்கள். மருந்தைத் தாமாகக் குறைத்துவிடப் போகிறார், கண்காணியுங்கள்.

கர்ப்பம் ஏழாம் மாதம், கோவிட் பாசிட்டிவ், ஹெச்பி 8.9.

இங்கே கேட்காதே தாயி. உன்னைப் பார்க்கும் கிளினிக்குக்கு இப்போதே போன் போடு.

ஜி6பிடி குறைவு உள்ள பையன். கோவிட்டுக்கு வைட்டமின் சி நிறைய கொடுக்கலாமா?

கொய்யாப்பழம் கொடுங்கள். பெரிய அளவு ஊசியும் மாத்திரையும் வேண்டாம், சிவப்பணுவைக் காக்கும் ஜி6பிடி நொதி குறைவு என்பதால் சிவப்பணு உடையலாம். ஜி6பிடி அட்டையை எந்த கிளினிக்குக்குப் போனாலும் முதலில் காட்டுங்கள்.

பீட்ரூட்…

மேலே பாருங்கள்.

கோவிட்டுக்காகப் பார்த்ததில் தெரிந்தது: ஹெச்பி 10.9, எம்.சி.வி 62, சிவப்பணு 5.6. ஃபெரிட்டின் 88. வயது 24, எனக்குக் கல்யாணம் பேசியிருக்கிறார்கள். சின்ன வயதிலிருந்து இரும்பு மாத்திரைதான் கொடுத்தார்கள். (பெயர் வேண்டாம் என்ற ஒரு தங்கை)

இரும்புக் குறைவில் சிவப்பணு எண்ணிக்கையும் சேர்ந்து இறங்கும். எம்.சி.வி என்பது சிவப்பணுவின் சராசரிப் பருமன். உனக்கு அணு சின்னதாக இருக்கிறது, எண்ணிக்கையோ 5.6. 62ஐ 5.6ஆல் வகுத்தால் 11. 13க்குக் கீழே வந்தால் ஹீமோகுளோபின் சரியாக உருவாகாத பரம்பரை நோயான தலசீமியாவைச் சுமப்பவரா என்று சந்தேகப்பட வேண்டும். இது கோவிட்டால் வந்ததில்லை, பிறவியிலிருந்தே இருக்கலாம். ஃபெரிட்டின் 88 இருக்கும்போது மாத்திரையைத் தொடர வேண்டுமா என்று டாக்டரிடம் கேள். அரசாங்கக் கிளினிக்கில் ஹெச்பி அனாலிசிஸ் எழுதச் சொல். சுமப்பவர் என்று வந்தாலும் பயப்படாதே, சாதாரணமாக வாழலாம். ஆனால் மாப்பிள்ளையும் சுமப்பவராக இருந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலில் ஒரு பங்கு கடுமையான தலசீமியா வர வாய்ப்பு உண்டு. நாள் குறிப்பதற்கு முன்னால் அவரையும் ரத்தம் கொடுக்கச் சொல். வீட்டில் பேசத் தயக்கமாக இருந்தால் உன் அம்மாவை என்னிடம் அனுப்பு, நான் சொல்கிறேன்.