ஐந்து வயதுப் பிள்ளை திரையில் ஓதலாமா?

அஸ்ஸலாமு அலைக்கும், சகோதரி. சேலம் கோட்டையிலிருந்து சிங்கப்பூருக்கு வந்து இரண்டு மாதமே ஆகியிருக்கும் நிலையில், ஐந்து வயது மகளைப் பள்ளிவாசல் வகுப்பில் சேர்த்தால் கைபேசிப் பழக்கமும் கூடவே ஒட்டிக்கொள்ளுமோ, நாம் ஊரில் ஓதிக்கொடுக்கும் ஹஜ்ரத்தின் முன் அமர்ந்து காயிதா என்னும் அரபு அரிச்சுவடியை ஓதியதைப் போல அவளுக்குக் குர்ஆன் ஓத வருமோ என்று கேட்டிருந்தீர்கள். நானும் கோட்டையில் அலிஃப், பே என்று அரபு எழுத்துகளை ஓதி வளர்ந்தவள்தான். இங்கு வந்து பதினான்கு ஆண்டுகள் ஆகின்றன.

முயிஸ் என்னும் இஸ்லாமிய சமய மன்றத்தின் பாடத்திட்டத்தைப் பின்பற்றி இங்குள்ள பள்ளிவாசல்கள் நடத்தும் ‘கிட்ஸ் அலைவ்’ வகுப்பு 5 முதல் 8 வயதுப் பிள்ளைகளுக்கானது. தயங்காமல் சேருங்கள்.

2020-இல் கொரோனாவால் வகுப்புகள் திரைக்கு மாறியபோது என் மகளுக்கும் ஐந்து வயது. செயலி ஒன்றைத் திறந்து வைத்து அவள் குர்ஆனின் முதல் அத்தியாயமான ஃபாத்திஹாவை ஓதுவாள். ‘ஆலமீன்’ என்பதன் முதலெழுத்தான ஐனை அலிஃபாகவே உச்சரிப்பாள். செயலியோ ஒவ்வொரு முறையும் நட்சத்திரம் காட்டும். பின்னர் நேரில் ஓதியபோது, உஸ்தாதா (ஆசிரியை) அவளுடைய விரலை அவள் தொண்டையிலேயே வைத்து, அந்த எழுத்து பிறக்கும் இடத்தை உணரச் செய்தார். இரண்டே வாரத்தில் ஓதல் திருந்தியது. திரும்பத் திரும்பக் கேட்பதற்குத் திரை உதவும், திருத்துவதற்கு ஆள் வேண்டும் என்பதை அன்றுதான் உணர்ந்தேன்.

மூன்று வயது மகனைப் பற்றியும் எழுதியிருந்தீர்கள். அந்த வயதுக்கு நாளொன்றுக்கு 1 மணி நேரத்துக்கு மேல் திரை கூடாது, குறைந்தால் இன்னும் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் வழிகாட்டியுள்ளது. ஸூரா (குர்ஆன் அத்தியாயம்) காணொளி முடிந்ததும் பொம்மை விளம்பரம் தானாகவே ஓடத் தொடங்கிவிடும் என்பதால், ஓதல்களை முன்பே பதிவிறக்கி, இணையத்தைத் துண்டித்துவிட்டுக் கொடுங்கள்.

எங்கள் உஸ்தாதா சொல்லித் தந்த ஒன்று என் மனத்தில் ஆழமாகப் பதிந்துள்ளது. ஃபஜ்ர் என்னும் அதிகாலைத் தொழுகைக்கு முன்பும், நண்பகல் ஓய்வின்போதும், இஷா என்னும் இரவுத் தொழுகைக்குப் பின்பும் பெற்றோரின் அறைக்குள் பிள்ளைகள் அனுமதி கேட்டே நுழைய வேண்டும் என்கிறது குர்ஆனின் அந்நூர் அத்தியாயத்தின் 58-ஆம் வசனம். அந்த ஒழுக்கத்தையே கைபேசிக்கும் விரித்து, கேட்டு எடுப்பது, சொன்னதும் அணைப்பது என இரண்டையும் அலிஃபுக்கு முன்பே அவர் பழக்கினார். பிள்ளைகளுக்கான டிஜிட்டல் கல்வி இங்கிருந்துதான் தொடங்க வேண்டும் என்பேன்.

ஊரில் உங்கள் தாயார் ஓதத் தெரிந்தவர் என்றால், மாலை ஏழு மணிக்குக் காணொளி அழைப்பில் அழையுங்கள். சேலத்தில் அப்போது நாலரை மணியாக இருக்கும். என் மகளின் பிழைகளைக் கோட்டையிலிருந்து என் அம்மா இன்றும் அப்படித்தான் திருத்துகிறார்.