ஃபிளை கட்டத் தரமான பொருள்கள் எங்கே வாங்குவது?

தெமெங்கோர் ஏரியில் செபராவ் மீன் பிடிக்க ஃபிளையை (கொக்கியில் இறகு, முடி கட்டிச் செய்யும் போலி இரையை) நீங்களே கட்ட வேண்டும், பொருள் எங்கே கிடைக்கும் என்று சுங்கை சிப்புட்டிலிருந்து கேட்டிருக்கிறீர்கள்.

எல்லாவற்றையும் ஒரே இடத்தில் தேடாதீர்கள். டவுன் தூண்டில் கடையில் கொக்கி வாங்கலாம். முஸ்தாட், கமகாட்சு இரண்டையும் நம்பலாம். மான்வால் முடி, முயல்தோல் பட்டை, மினுக்கு இழை, கட்டும் நூல் எல்லாம் ஷோப்பி, லஸாடாவில்தான். விற்பவர் படத்தைவிட, வாங்கியவர்கள் போட்ட படத்தைப் பாருங்கள். முடி நுனி உடைந்திருந்தால் விட்டுவிடுங்கள். வெளிநாட்டிலிருந்து வரும், 500 வெள்ளிக்கு மேற்போகாத பொருளுக்கு 2024 முதல் 10 விழுக்காடு விற்பனை வரி உண்டு. அதையும் கணக்கில் வையுங்கள்.

சேவல் இறகில்தான் பலர் காசை விடுகிறார்கள். மிதக்கும் ஃபிளைக்கு விறைப்பான கழுத்திறகு தேவை. அமெரிக்காவின் வைட்டிங் பண்ணை அதற்கென்றே சேவல் வளர்க்கிறது. விலையோ கண்ணைக் கட்டும். செபராவுக்கு நீங்கள் கட்டப்போவது நீருக்குள் ஓடும் மீன்குஞ்சு வடிவம்தானே? எஸ்டேட் வீட்டுச் சேவலின் மெத்தென்ற இறகே போதும். சவர்க்காரம் போட்டுக் கழுவி, நன்றாகக் காயவைத்து, பையில் கட்டி சில நாள் ஃபிரீசரில் வைத்தால் பூச்சி செத்துவிடும். (வீட்டில் சொல்லிவிட்டு வையுங்கள்.) காட்டுக்கோழி இறகு மட்டும் வேண்டாம்; சட்டச் சிக்கல் வரும்.

தோமான் மீனுக்கு மிதவை ஃபிளை கட்ட, புத்தகக் கடையில் பள்ளிப் பிள்ளைகள் வாங்கும் ஃபோம் அட்டை தாராளம். அதிலேயே ஆரஞ்சு நிறத்தை உருட்டி வெட்டினால் செம்பனைப் பழம் மாதிரி ஒரு ஃபிளை. பழம் தின்னும் கெலா மீனுக்கு அதையும் போட்டுப் பாருங்கள்.