கராஜ் பக்கம்: எஞ்சின் கத்துகிறது, வண்டி நகரவில்லை

இந்த முறை கையில் எடுத்த நாலு கடிதமும் ஏ.ரி.வி. என்கிற நாலு சில்லு மோட்டார் சைக்கிளைப் பற்றியவை. நாலுமே கிளச், கியர் சம்பந்தப்பட்டவை என்பதால் ஒன்றாகவே பதில் தருகிறேன்.

மருதங்கேணியில் இருந்து ஒரு வாசகர்: பழைய ஏ.ரி.வி. ஒன்று வாங்கி, கரையில் இருந்து றோட்டுக்கு மீன் பெட்டிகள் இழுக்கிறேன். பெல்ட்டில் ஓடும் ஓட்டோ கியர். றோட்டில் நல்லாக ஓடுகிறது. மணலில் பெட்டி வண்டியைக் கொழுவினால் எஞ்சின் கத்துகிறது, றப்பர் கருகிய மணம் வருகிறது, வண்டி நகர்வதில்லை. ஆறு மாதத்தில் இரண்டு பெல்ட் போய்விட்டது. ரயருக்கு 28 பி.எஸ்.ஐ. காற்று அடித்திருக்கிறேன். மில் பெல்ட்டுக்குப் போடுவது போலக் குங்கிலியம் போடச் சொல்கிறார் ஒருவர். போடலாமா?

போடவே வேண்டாம். மில்லில் ஓடுவது தட்டைப் பெல்ட், அதற்கு ஒட்டுகிற பொருள் உதவும். உங்கள் வண்டியில் கியர் மாறுவதே கப்பியின் இரண்டு தட்டுகளும் நெருங்கி விலகுவதால்தான். அவை நெருங்கும்போது பெல்ட் மேலே ஏறும், விலகும்போது கீழே இறங்கும். அந்த இடத்தில் பிசின் பிடித்தால் பெல்ட் ஏற வேண்டிய நேரம் ஏறாது, இறங்க வேண்டிய நேரம் இறங்காது, கடைசியில் கிழியும். கிறீஸ், ஒயில் எதுவும் அதில் படக் கூடாது.

எஞ்சினில் பிழை இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. கடிதத்தில் என் கண்ணில் பட்டது அந்த 28 பி.எஸ்.ஐ. தான். அது மோட்டார் சைக்கிளுக்கு அடிக்கிற காற்று. ஏ.ரி.வி. ரயருக்குப் பெரும்பாலும் 3 முதல் 7 பி.எஸ்.ஐ. வரைதான். ரயரின் பக்கத்திலோ வண்டியில் ஒட்டியிருக்கும் தாளிலோ சரியான அளவு இருக்கும், வடிவாகப் பாருங்கள். கல்லுப் போல இறுகிய ரயர் மணலில் மிதக்காது, வெட்டிக்கொண்டு இறங்கும். சில்லு புதைந்து நிற்க, எஞ்சின் சுற்ற, இரண்டுக்கும் நடுவில் கருகுவது பெல்ட். அதோடு, அளவுக்கு மேல் காற்று அடித்தால் இந்த ரயர் வெடிக்கவும் கூடும். ஆகவே இதை நாளைக்கென்று வைக்காமல் இன்றே இறக்குங்கள். வழக்கமான கேஜில் இவ்வளவு குறைந்த காற்றை நம்பி வாசிக்க முடியாது, குறைந்த அழுத்தத்துக்கென்றே இருக்கும் கேஜ் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்.

அடுத்தது, கியர் தடியில் 'எச்' (வேக ஓட்டத்துக்கு) உடன் 'எல்' (மெதுவான, வலுவான இழுவைக்கு) என்றும் ஒன்று இருக்கிறதா? இருந்தால் மணலிலும் பாரத்திலும் 'எல்' தான். பெல்ட் வழுக்கிச் சூடேறுவது மெதுவாக ஊரும்போதுதான். 'எச்' இல் பாரம் இழுத்துக்கொண்டு ஊர்ந்தால் எந்தப் புதுப் பெல்ட்டும் நிற்காது.

கழற்றிய பழைய பெல்ட்டை எறிந்துவிட்டீர்களா? எறியாவிட்டால் விரல்களுக்கு இடையில் பிடித்து ஒரு முழுச் சுற்று தடவிப் பாருங்கள். ஒரே ஓர் இடத்தில் மட்டும் ஒடுங்கியிருந்தால், சில்லு புதைந்த பிறகும் அக்சிலேற்றரை அழுத்திக்கொண்டே இருந்திருக்கிறீர்கள். இரண்டு பக்கமும் கண்ணாடி போல மினுங்கினால் நெடுக வழுக்கியே ஓடியிருக்கிறது. ஓரத்தில் நூல் பிரிந்திருந்தால் கப்பிகள் இரண்டும் நேரில் இல்லை, அல்லது கப்பியின் முகத்தில் வெட்டு இருக்கிறது. அப்படியானால் இன்னும் பத்துப் பெல்ட் மாற்றினாலும் அதே கதைதான், கப்பியைப் பார்க்க வேண்டும்.

புதுப் பெல்ட் போடும் முன் கப்பி முகங்களைப் பிரேக் கிளீனர் தொட்ட துணியால் துடையுங்கள். பெல்ட்டில் அம்புக்குறி இருந்தால் அது சுற்றும் திசைக்குப் பொருந்த வேண்டும். பெல்ட் பெட்டிக்குக் காற்று எடுக்கும் குழாயையும் கழற்றி ஊதுங்கள். மணல் அடைத்த பெட்டிக்குள் சூடு வெளியேற வழியில்லை. சில்லு புதைந்தால் அக்சிலேற்றரில் இருந்து பெருவிரலை உடனே எடுத்துவிட்டு இறங்கி, மணலை ஒதுக்கி, சில்லுக்கு முன்னால் பனையோலை இரண்டு போட்டு எடுங்கள். பெல்ட்டின் விலையோடு பார்த்தால் அந்தப் பத்து நிமிடம் ஒன்றுமே இல்லை.

காரைநகரில் இருந்து ஒரு வாசகி: கசூரினா கடற்கரையில் மகன் ஆழமில்லாத தண்ணீரில் ஓட்டினான். திரும்பி வரும்போது எஞ்சின் சத்தம் மட்டும், வண்டி அசையவில்லை. அடுத்த நாள் தானாகச் சரியாகிவிட்டது. விட்டுவிடலாமா?

விட வேண்டாம், அக்கா. பெல்ட் பெட்டிக்குள் தண்ணீர் போயிருக்கிறது. நனைந்த பெல்ட் வழுக்கியது, காய்ந்ததும் பிடித்தது, ஆனால் உப்பு உள்ளேதான் இருக்கிறது. பெட்டியின் அடியில் வடிக்கிற மூடி ஒன்று இருக்கும். அதைத் திறந்து வடியவிட்டு, நியூட்ரலில் எஞ்சினைக் கொஞ்சம் ஏற்றி இறக்கி ஓட விட்டால் மிச்சத் தண்ணீரும் தெறித்து வெளியேறும். கடல் தண்ணீர் என்பதால் உங்களுக்கு இது மட்டும் போதாது. பெல்ட் பெட்டியின் பெரிய மூடியைக் கழற்றிக் கப்பிகளை நல்ல தண்ணீர்த் துணியால் துடைத்து, நன்றாகக் காயவிட்டுப் பூட்ட வேண்டும். உங்கள் பக்கம் உவர்க் கிணறுகள் உண்டு. அந்தத் தண்ணீரால் கழுவினால் உப்பை உப்பால் கழுவியதாகிவிடும். வீட்டுக் கிணறு உவரென்றால் குடிதண்ணீரில் ஒரு வாளி எடுத்து வையுங்கள்.

கொக்குவிலில் இருந்து ஒரு வாசகர்: 125 சி.சி. வண்டி, கிளச் பிடி இல்லை, காலால் கியர் போடுவது. கியர் விழும்போது உதறுகிறது. மூன்றாம் கியரில் ஏற்றினால் சத்தம் கூடுகிறது, வேகம் கூடவில்லை. எஞ்சின் இறக்க வேண்டும் என்கிறார்கள். அண்மையில் ஒயில் மாற்றினேன்.

எஞ்சினை இறக்க விடாதீர்கள். முதலில், என்ன ஒயில் ஊற்றினீர்கள்? உங்கள் கிளச் தட்டுகள் எஞ்சின் ஒயிலுக்குள்ளேயே நனைந்துகொண்டு சுற்றுபவை. எரிபொருளை மிச்சப்படுத்தும் கார் ஒயில் சிலவற்றில் உராய்வைக் குறைக்கும் மருந்து சேர்த்திருப்பார்கள். அது காருக்கு நல்லது, இந்தத் தட்டுக்கு நஞ்சு. போத்தலில் 'ஜாசோ எம்.ஏ.' என்ற தரக்குறி இருப்பதை வாங்குங்கள். 'எம்.பி.' என்று இருப்பது ஸ்கூட்டருக்கு.

இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. தொழில் தொடங்கிய காலத்தில் ஒருவருடைய எஞ்சினை அவசரப்பட்டுத் திறந்து, புதுத் தட்டும் போட்டுக் கொடுத்தேன். ஒரு கிழமையில் அதே வழுக்கலோடு திரும்பி வந்தார். பிழை அவர் ஊற்றிய கார் ஒயிலில் இருந்தது. நான் கேட்கவே இல்லை. அந்த மனிதருடைய காசு இன்றைக்கும் என் மனதில் கிடக்கிறது.

ஒயில் அளக்கும் கம்பியை மணந்தும் பாருங்கள். பெற்றோல் மணம் வந்து, ஒயில் மட்டமும் ஏறியிருந்தால், காபரேற்றரின் ஊசி சரியாக மூடாமல் பெற்றோல் எஞ்சினுக்குள் இறங்குகிறது. அதைத் திருத்தி, ஒயிலை மாற்றும் வரை ஓட்டக் கூடாது. இந்த மணப்பு எனக்கு 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் வந்த பழக்கம். பெற்றோல் இல்லாமல், ஸ்டார்ட் எடுக்க மட்டும் ஒரு சொட்டு விட்டு, மண்ணெண்ணெயில் எம்.டி. 90 மோட்டார் சைக்கிள் ஓடிய நாட்கள். எரியாத மண்ணெண்ணெய் கீழே இறங்கி ஒயிலைத் தண்ணீர் ஆக்கிவிடும். கம்பியை மூக்குக்குக் கிட்டப் பிடித்தாலே என்ன நடந்திருக்கிறது என்று தெரியும்.

ஒயில் சரியென்றால் அடுத்தது கிளச் திருகு. எஞ்சின் நின்று, ஆறியிருக்க வேண்டும். வலப்பக்கக் கிளச் மூடியில் ஒரு நட்டும் அதன் நடுவில் ஒரு திருகும் தெரியும். நட்டை இளக்குங்கள். திருகை வலமாக ஒரு சுற்று சுற்றி, பிறகு இடமாக மெதுவாகத் திருப்பி வாருங்கள். ஏதோ தட்டுப்படுவது கையில் தெரியும். அங்கே நிறுத்தி, வலமாக அரைக்கால் சுற்று மட்டும் திருப்பி, திருகு அசையாமல் பிடித்துக்கொண்டு நட்டை இறுக்குங்கள். எம்.டி. 90க்கும் இதே முறைதான். வேறு சில வண்டிகளில் திசையும் அளவும் மாறும், ஆகவே வண்டிப் புத்தகம் இருந்தால் அதில் உள்ளபடி செய்யுங்கள். திருகு கூடுதலாகப் போய் முட்டிக்கொண்டிருந்தால் தட்டு முழுதாகப் பிடிக்காது, வழுக்கும். குறைவாக இருந்தால் முழுதாக விலகாது, கியர் உதறும்.

இரண்டையும் செய்து, சரியான ஒயிலோடு சில நாள் ஓடியும் மூன்றாம் கியரில் வழுக்கினால் தட்டு தேய்ந்துதான் இருக்கிறது. அப்போதும் கிளச் மூடியை மட்டும் கழற்றித் தட்டு மாற்றலாம், எஞ்சினை இறக்கத் தேவையில்லை.

நெடுந்தீவில் இருந்து ஒரு வாசகர்: ரிவேர்ஸ் போடும்போது பல் அரைபடும் சத்தம். கியரில் விட்டு நின்றால் வண்டி தானாக ஊர்கிறது. குறிகட்டுவானுக்கு வண்டியைப் படகில் ஏற்றி வர வேண்டுமா?

இப்போதைக்கு வேண்டாம். நீங்கள் எழுதிய இரண்டும் ஒரே குறையாக இருக்கலாம். சும்மா நிற்கும்போது எஞ்சின் கூடுதலாகச் சுற்றினால் கிளச் முழுதாக விடாது. அதனால்தான் ஊர்கிறது, கியர்ப் பற்களும் சுற்றிக்கொண்டே இருப்பதால் அரைபடுகின்றன. எஞ்சினைச் சூடாக்கிவிட்டு, ஐடில் திருகை, அதாவது சும்மா நிற்கும்போது எஞ்சின் சுற்றும் வேகத்தை வைக்கும் திருகை, கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுங்கள். அக்சிலேற்றர் கேபிள் உப்பில் இறுகி முழுதாகத் திரும்பாமல் நிற்கிறதா என்பதையும் பாருங்கள். வண்டி முழுதாக நின்று, பிரேக்கைப் பிடித்த பிறகுதான் ரிவேர்ஸ் போட வேண்டும்.

ஐடில் குறைந்த பிறகும் ஊர்ந்தால் கிளச்சின் உள் ஸ்பிரிங் உடைந்திருக்கலாம். அப்போது கொண்டு வாருங்கள். துறை வரைக்கும் கயிறு கட்டி இழுப்பதானால் வண்டி நியூட்ரலில் இருக்க வேண்டும்.