யுஎஸ்பி ரிலே பலகை வாங்கும் முன்

கேள்வி: எங்கள் சிறிய ஆய்வகத்தின் விளக்கையும் எக்ஸாஸ்ட் ஃபேனையும் கணினியிலிருந்து பைத்தான் நிரல் மூலம் இயக்கவும் நிறுத்தவும் விரும்புகிறேன். இணையக் கடையில் இரண்டு வகை யுஎஸ்பி ரிலே பலகைகள் (கணினியின் கட்டளையால் இயங்கும் மின்சுவிட்சுகள்) உள்ளன. ஒன்றில் சிஎச்340 சிப் இருப்பதாகவும், மற்றொன்றுக்கு டிரைவரே தேவையில்லை என்றும் குறிப்பிட்டிருக்கிறார்கள். எதை வாங்கலாம்? இயங்காவிட்டால் திருப்பித் தர முடியுமா?

பதில்: சிஎச்340 பலகையையே வாங்குங்கள், ஆனால் அதற்குக் கணினி அனுப்ப வேண்டிய கட்டளைகள் எவை என்பதை விற்பனையாளர் வெளியிட்டிருக்கிறாரா என்று முதலில் பாருங்கள். கட்டளை தெரியாத பலகையை எந்த மொழியில் நிரல் எழுதியும் இயக்க முடியாது. சிஎச்340 என்பது யுஎஸ்பியைச் சீரியல் தொடர்பாக மாற்றும் சிப் என்பதால், இவ்வகைப் பலகை விண்டோஸில் காம்3 போன்ற பெயருடன் சீரியல் போர்ட்டாக, அதாவது பைட்டுகளை ஒன்றன்பின் ஒன்றாக அனுப்பும் வழியாகத் தோன்றும். பரவலாக விற்கும் ஒற்றை ரிலே பலகையில், 9600 பாட் வேகத்தில் ஏ0, 01, 01, ஏ2 என்ற நான்கு பைட்டுகளை (பதினாறடிமான எண்களில்) அனுப்பினால் ரிலே இயங்கும். ஏ0, 01, 00, ஏ1 என்று அனுப்பினால் நிற்கும். நான்காவது பைட் முதல் மூன்றின் கூட்டுத்தொகை. பைசீரியல் என்ற பைத்தான் தொகுதியைக் கொண்டு இதை நான்கைந்து வரிகளில் எழுதிவிடலாம்.

தொகுதியை நிறுவும்போது பலர் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. பைத்தான் தொகுதிகளை நிறுவும் பிப் கட்டளையில் 'பைசீரியல்' என்று கொடுக்க வேண்டும். நிரலுக்குள் அழைக்கும்போது 'சீரியல்' என்று எழுத வேண்டும். 'சீரியல்' என்ற பெயரிலேயே தொடர்பில்லாத வேறொரு தொகுதி இருப்பதால், அதை நிறுவிவிட்டுப் பிழைச்செய்தி வந்ததும் பலகை பழுது என்று திருப்பி அனுப்பிவிடுவது வீண் அலைச்சல். உபுண்டு பயன்படுத்துவோர் தம் பயனர் கணக்கை, சீரியல் போர்ட்டைப் பயன்படுத்த அனுமதி தரும் டயல்அவுட் குழுவில் சேர்த்தாக வேண்டும்.

டிரைவர் தேவையில்லாத வகை பெரும்பாலும் எச்ஐடி சாதனமாக (விசைப்பலகை, மவுஸ் போன்ற வகை) இயங்குகிறது. அதற்கும் பைத்தான் தொகுதிகள் உள்ளன என்றாலும், புதிதாகத் தொடங்குபவருக்குச் சீரியல் வகையே எளிது.

விலையைவிட நான் அதிகம் கவலைப்படுவது மின்பளுவைப் பற்றி. ரிலேயின் மேல் 10 ஆம்பியர், 250 வோல்ட் என்று அச்சிட்டிருப்பது பொதுவாக ஹீட்டர் போன்ற பளுவுக்கான அளவு. மோட்டாரோ தொடங்கும் நொடியில் வழக்கத்தைவிடப் பல மடங்கு மின்னோட்டம் இழுப்பதால், தொடுமுனைகள் ஒட்டிக்கொண்டு, நிறுத்தும் கட்டளை போன பிறகும் மின்சாரம் ஓடிக்கொண்டே இருக்கலாம். சிறிய எக்ஸாஸ்ட் ஃபேனுக்கு இந்தப் பலகை போதும், பெரிய மோட்டாருக்கு ரிலேயால் ஒரு காண்டாக்டரை (அதிக மின்னோட்டத்தைத் தாங்கும் பெரிய சுவிட்சை) இயக்குவதே பாதுகாப்பு. நிரல் பாதியில் முடங்கினால் ரிலே கடைசியாக இருந்த நிலையிலேயே நின்றுவிடும் என்பதால், தனித் தெர்மோஸ்டாட் இல்லாத ஹீட்டரை இதில் இணைக்கவே வேண்டாம். பலகையின் அடிப்பக்கத்தில் 230 வோல்ட் வெளிப்படையாக இருக்கும். மூடிய பெட்டியில் வைத்து, மின்பணியாளரைக் கொண்டே இணைப்புக் கொடுங்கள்.

திருப்பித் தர முடியும். 2020ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளின்படி, பொருள் பழுதாக இருந்தாலோ விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாவிட்டாலோ விற்பனையாளர் திரும்பப் பெற மறுக்கக் கூடாது. இணையக் கடையின் குறைதீர் அலுவலர் உங்கள் புகாரைப் பெற்றதை 48 மணி நேரத்துக்குள் உறுதிப்படுத்தி, ஒரு மாதத்துக்குள் தீர்வு காண வேண்டும். தவறினால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம். சிப்பின் பெயரும் கட்டளைப் பட்டியலும் இருக்கும் விற்பனைப் பக்கத்தை, வாங்கும் நாளிலேயே படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.