விலை இறங்கும் நேரம்: வீடு வாங்குவதா, ஒத்தியிலேயே இருப்பதா?

கேள்வி: நாகர்கோவிலில் தனியார் மருத்துவமனையில் நர்ஸாக இருக்கிறேன். சம்பளம் 28,000 ரூபாய். கணவர் கத்தாரில். அவருடைய ஒப்பந்தம் இன்னும் இரண்டு வருடம். செலவெல்லாம் போக மாதம் 40,000 மிச்சம் பிடிக்கிறோம். 6 லட்சம் ஒத்திக்கு ஒரு வீட்டில் குடியிருக்கிறோம். கையில் 14 லட்சம் உண்டு. ஆசாரிப்பள்ளம் பக்கம் 4 சென்டில் 1,300 சதுர அடி வீடு, கட்டி 12 வருடம். முன்பு 60 லட்சம் சொன்னவர்கள் இரண்டு வருடமாக ஆள் வராமல் 48-க்கு இறங்கியிருக்கிறார்கள். காலி மனையும் அங்கே சென்ட் ஐந்தரை லட்சத்துக்கு வந்துவிட்டது. உரிமையாளர் குடும்பத்தோடு சவூதியில். அண்ணனுக்குப் பவர் கொடுத்திருக்கிறார். "இன்னும் இறங்கும், பொறு" என்கிறார் மாமனார். "இதை விட்டால் கிடைக்காது" என்கிறார் புரோக்கர். என்ன செய்யலாம்?
– வாசகி, நாகர்கோவில்

பதில்: விலை எப்போது அடிமட்டத்தைத் தொடும் என்று மாமனாராலும் சொல்ல முடியாது, புரோக்கராலும் சொல்ல முடியாது, என்னாலும் முடியாது. வாங்கிய பிறகு விலை இறங்கினால் அந்த வீட்டில் குடியிருப்பவருக்கு நஷ்டம் ஒன்றும் இல்லை. தவணை கட்ட முடியாமல் அவசரமாக விற்க வேண்டி வந்தால்தான் அடி விழும். இரண்டு வருடமாக ஆள் வராத இடத்தில் நீங்கள் விற்கப்போனாலும் அதே கதைதான். அதனால் உங்கள் வீட்டுக்காரர் ஊருக்குத் திரும்பிய மறுமாதம் ஈஎம்ஐ எங்கிருந்து வரும் என்பதை முதலில் பார்ப்போம்.

48 லட்சத்துக்கு வாங்கினால் முத்திரைத்தாளுக்கு 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம் என்று 4 லட்சத்து 32 ஆயிரம் சேரும். புரோக்கர் கமிஷன், பெயிண்ட், சில்லறை வேலை என்று கணக்குப் போட்டால் 54 லட்சம் ஆகிவிடும். ஒத்திப் பணம் திரும்பி வந்தாலும் உங்களிடம் 20 லட்சம்தான். மிச்சம் 34 லட்சம் கடன். எட்டரை சதவீத வட்டியில் 20 வருடத்துக்கு ஈஎம்ஐ சுமார் 29,500. உங்கள் சம்பளத்தைவிட அதிகம், கையிருப்பும் சுத்தமாகக் காலி. இந்த விலைக்கு வேண்டாம்.

சரி, எந்த விலை நியாயம்? 60 லட்சம் என்பது அவர்கள் ஆசைப்பட்ட விலை. யாரும் கொடுக்காத விலையிலிருந்து 12 லட்சம் குறைந்தது என்று சந்தோஷப்பட ஒன்றுமில்லை. மண்ணையும் கட்டடத்தையும் பிரித்துப் பாருங்கள். 4 சென்ட், ஐந்தரை வீதம் 22 லட்சம். கட்டடம் இன்று சதுர அடி 2,200 ரூபாய்க்குக் கட்டலாம் என்று வைத்தால் 28 லட்சத்து 60 ஆயிரம். 12 வருடத் தேய்மானத்துக்கு 30 சதவீதம் கழித்தால் 20 லட்சம். மொத்தம் 42. அதையே சொல்லுங்கள், கூச்சப்பட வேண்டாம்.

42-க்கு ஒத்துக்கொண்டாலும் உடனே பத்திரம் வேண்டாம். 2 லட்சம் அட்வான்ஸ் கொடுத்து 10 மாத அக்ரிமெண்ட் போட்டுப் பதிவு செய்யுங்கள். வேறு சமயமென்றால் இவ்வளவு நீண்ட அவகாசத்துக்கு யாரும் சம்மதிக்க மாட்டார்கள். இப்போது சம்மதிப்பார்கள். வங்கிக் கடன் கிடைக்காவிட்டால் அட்வான்ஸ் திரும்ப வேண்டும் என்று எழுதச் சொல்லுங்கள். நடுவில் விலை பயங்கரமாகச் சரிந்தாலும் நீங்கள் விட்டுக்கொடுப்பது பெரும்பாலும் அந்த 2 லட்சத்தோடு நிற்கும்.

அந்த 10 மாதத்தில் 4 லட்சம் சேரும். பதிவுச் செலவு, கமிஷன், சில்லறை வேலை எல்லாம் சேர்த்து 47 லட்சம் தேவைப்படும் இடத்தில் 2 லட்சத்தை அவசரத்துக்கு ஒதுக்கிவைத்தாலும் கடன் 25 லட்சத்தில் முடியும், ஈஎம்ஐ சுமார் 21,700. வீட்டுக்காரர் கத்தாரில் இருக்கும் மீதி 14 மாதமும் மிச்சப் பணத்தில் ஈஎம்ஐ கட்டி, மீதி 18,000-ஐச் சேர்த்துவைத்தால், ஒதுக்கிவைத்த 2 லட்சத்தோடு சேர்த்து அவர் திரும்பும்போது நாலரை லட்சம் கையில் இருக்கும். 20 மாத ஈஎம்ஐ அது. அதற்குள் அவர் இங்கே ஒரு வேலை தேடிக்கொள்ளலாம்.

காத்திருப்பதற்கு உங்களுக்குச் செலவும் குறைவு. 6 லட்சம் ஒத்திப் பணத்துக்கு 7 சதவீதம் வட்டி வைத்தால் மாதம் 3,500 ரூபாய்தான் உங்கள் வாடகை. 34 லட்சம் கடனுக்கு முதல் வருடம் வட்டி மட்டும் மாதம் 24,000. உரிமையாளர் 42-க்கு இறங்கவே இல்லையா, விட்டுவிடுங்கள். நம் மாவட்டத்தில் வெளிநாட்டிலிருப்பவர்கள் பூட்டிப்போட்ட வீடுகள் ஏராளம்.

அப்புறம், 50 லட்சத்துக்குக் கீழே என்றால் டிடிஎஸ் (விலையிலிருந்து வாங்குபவர் பிடித்து அரசுக்குக் கட்டும் வரி) இல்லை என்று புரோக்கர் சொல்லக்கூடும். உள்ளூர்க்காரர் விற்றால் அது சரி. விற்பவர் வெளிநாட்டில் குடியிருப்பவர் என்றால் எந்தத் தொகையானாலும் வாங்குபவர் வரி பிடிக்க வேண்டும், அட்வான்ஸிலிருந்தே. இரண்டு வருடத்துக்கு மேல் அவரிடம் இருந்த சொத்து என்றால் 12.5 சதவீதமும், அந்த வரி மேல் செஸ் என்ற கூடுதல் வரியும். 42 லட்சத்துக்கு ஐந்து லட்சத்தைத் தாண்டும். பிடிக்காமல் விட்டால் வருமான வரித்துறை உங்களிடம்தான் கேட்கும். குறைந்த வரிக்கான சான்றிதழ் வாங்கிவருவது விற்பவர் பொறுப்பு. ஒரு ஆடிட்டரை வைத்துக்கொள்ளுங்கள்.

பவர் இந்தியத் தூதரகத்தில் சான்று பெற்றதா, கொடுத்தவர் சம்மதம் இன்றும் இருக்கிறதா என்று வீடியோ காலில் அவரிடமே பேசுங்கள். வில்லங்கச் சான்று, பட்டா, தாய்ப்பத்திரம் எல்லாம் வக்கீல் பார்க்கட்டும். அந்த மனை முன்பு வயலாக இருந்ததா என்று அக்கம்பக்கத்தில் நீங்களே விசாரியுங்கள். 2021 நவம்பர் வெள்ளத்தில் அங்கே எவ்வளவு தண்ணீர் நின்றது என்று கேட்டால் உண்மை வந்துவிடும். 10 மாத அவகாசத்தில் ஒரு மழைக்காலமாவது வரும். நல்ல மழை நாளில் போய்ப் பாருங்கள்.

ஒத்திப் பத்திரம் பதிவாகியிருக்கிறதா? இல்லையென்றால் இந்த மாதமே செய்யுங்கள். இப்படி மந்தமான நேரத்தில் அடுத்த ஒத்திக்காரர் கிடைத்தால்தான் வீட்டு உரிமையாளர்கள் பணத்தைத் திருப்பித் தருகிறார்கள். குறைந்தது நான்கு மாதம் முன்பே எழுத்தில் சொல்லிவிடுங்கள். அந்த 6 லட்சம் கைக்கு வரும் தேதி தெரிந்த பிறகு பத்திரத் தேதியைக் குறியுங்கள்.