சங்கிலிக்கு யார் தூது போனார்?

வணக்கம் சார். குடியால் சீரழிந்தவன் நான். மனைவி கட்டிவந்த சீட்டுப் பணம் போனது. அவள் கம்மல் அடகுக் கடையில் இருக்கிறது. போன தவக்காலத்தில் ஃபாதரிடம் பாவங்களைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்தேன், அதற்குப் பிறகு தொடவில்லை. கடவுள் முழுதாக மன்னித்துவிட்டார் என்கிறார் ஃபாதர். இயேசுவைத் தெரியாதென்று மூன்று முறை மறுதலித்த சீடர் இராயப்பரையே (பேதுரு) ஏற்றுக்கொண்டவர்தானே! ஆனால் மனைவி முகம் கொடுத்துப் பேசுவதில்லை. ஆண்டவரே மன்னித்ததை அவள் ஏன் பிடித்துக்கொண்டிருக்கிறாள்? அவளுக்குப் புரியும்படி எழுதுங்களேன். கோயில் பாடகர் குழுவில் நான் மறுபடி சேரலாமா?

ஜே., ராயபுரம்

அன்புள்ள ஜே.,

குடியை விட்டது பெரிய விஷயம். நம் பக்கத்தில் வீட்டுக்கும் டாஸ்மாக்குக்கும் எவ்வளவு தூரம் என்று எனக்குத் தெரியும்.

ஃபாதர் சொன்னதில் எனக்குச் சந்தேகமில்லை. இராயப்பர் மறுதலித்தது கரி நெருப்பில் குளிர்காய்ந்தபோது. உயிர்த்தபின் திபேரியக் கடற்கரையில் இயேசு மீனும் ரொட்டியுமாகக் காத்திருந்ததும் கரி நெருப்பருகேதான். ஏன் மறுதலித்தாய் என்ற கேள்வியே இல்லை. முதலில் சாப்பாடு, பிறகு ‘என்னை நேசிக்கிறாயா’ என்று மூன்று தடவை, கையோடு ஆடு மேய்க்கும் பொறுப்பு. முழு மன்னிப்பு அதுதான். ஆனால் அந்தக் கரையில் இராயப்பரின் மனைவி இல்லை. அவள் கம்மலும் அடகில் இல்லை.

கொஞ்ச நாளாகத் தேவாரம் பாடிய சுந்தரர் நினைவாகவே இருக்கிறேன். திருவொற்றியூர்க்காரனுக்கு அது தீராத வியாதி. மகிழமரத்தடியில் ‘உன்னைப் பிரியேன்’ என்று, எங்கள் ஊரில் மணந்த இரண்டாம் மனைவி சங்கிலிக்குச் சத்தியம் செய்தார். திருவாரூர் வசந்த விழா நினைவு வந்ததும் கிளம்பினார். ஊர் எல்லை தாண்டியதும் இரு கண்ணும் போயின. திருவெண்பாக்கத்தில் ஊன்றுகோல் கிடைத்தது, காஞ்சியில் இடக்கண், ஆரூரில் வலக்கண். எல்லாம் திரும்பியாயிற்று என்று பார்த்தால், சங்கிலியை மணந்த கோபத்தில் ஆரூரிலிருந்த முதல் மனைவி பரவையின் கதவு சாத்தியிருக்கிறது. ‘நானே மன்னித்தேன், உனக்கென்னடி’ என்று ஈசன் அவளை அதட்டவில்லை. சுந்தரருக்காகத் தூதனாய் நள்ளிரவில் தெருவிறங்கி நடந்தார். முடியாதென்று அனுப்பிவிட்டாள். மறுபடி போனார்.

நீங்கள் எத்தனை தடவை போனீர்கள்? போகாமல் என்னை எழுதச் சொல்கிறீர்கள், வெட்கமாக இல்லை? காணிக்கையைப் பீடத்தின் முன் வைத்துவிட்டு முதலில் போய்ச் சமாதானமாகு என்று சொன்னவர் உங்கள் ஆண்டவர்தான்.

எனக்கு ஆத்திரம் சங்கிலியை நினைத்துத்தான். பரவைக்குக் கடவுளே இரண்டு தடவை தூது போனார். வாக்குத் தவறப்பட்டவள் சங்கிலி, அவளிடம் யார் போனார்? மாசித் திருவிழாவில் மகிழடி சேவைக்கு முண்டியடிக்கிறோம், சத்தியம் செய்ததைக் கொண்டாடுகிறோம். கண் போனதற்கு உருகுகிறோம், வந்ததற்கும் உருகுகிறோம். ஒற்றியூரில் தனியே நின்றவளைப் பற்றிக் கேட்டால், ‘கடைசியில் கயிலையில் சேர்ந்துவிட்டார்களே’ என்று வாயடைக்கிறார்கள். கயிலை இருக்கட்டும். மறுநாள் காலை வாசல் தெளிக்க வந்தவளிடம் தெருப் பெண்கள் என்னென்ன கேட்டிருப்பார்கள்? மன்னிப்புக் கதையை எப்போதும் தவறியவன் பக்கம் நின்றே சொல்கிறோம். உங்கள் கடிதத்தையே எடுத்துப் படியுங்கள், மனைவியின் பெயர்கூட அதில் இல்லை.

பாடகர் குழுவுக்கு என்னைக் கேட்பானேன்? ஃபாதர் சரியென்றால் இந்த ஞாயிறே போய் நில்லுங்கள். வேண்டாமென்றால் இராயப்பரைச் சொல்லிச் சண்டை போடுங்கள். அதற்கு முன்னால், சனிக்கிழமைக்குள், அந்த அடகுச் சீட்டைத் தேடி எடுங்கள்.