குளூட்டன் இல்லாத சுகர் குக்கீ மறுநாளும் மெத்தென்று இருக்க

கேள்வி: வீட்டில் ஒருவருக்குக் கோதுமையிலும் மைதாவிலும் இருக்கும் குளூட்டன் என்ற புரதம் ஒத்துக்கொள்ளாது. அதனால் குளூட்டன் இல்லாத ரெடிமேட் மாவுக் கலவையை வாங்கி, மைதா போடும் அதே அளவில் போட்டு சுகர் குக்கீ செய்தேன். சூடாக இருக்கும்போது பரவாயில்லை. ஆறியதும் வாயில் நறநறக்கிறது, மறுநாள் கல்லாகிவிடுகிறது. மேலே பூசிய ஃப்ராஸ்டிங்கும் வழுக்கி ஓரத்துக்கு வந்துவிடுகிறது. தடிமனாக, மெத்தென்று, மேலே க்ரீம் நின்ற மாதிரி எப்படிச் செய்வது?

பதில்: நறநறப்புக்கும் கல்லாவதற்கும் காரணம் ஒன்றுதான்: மாவுக்குப் போதிய ஈரமும், அந்த ஈரத்தைக் குடிக்க நேரமும் கிடைக்கவில்லை. ஃப்ராஸ்டிங் வழுக்குவது தனிக் கதை. அதைப் பிறகு பார்ப்போம்.

மைதா தண்ணீரைச் சட்டென்று உறிஞ்சிவிடும். அரிசி மாவு அப்படி இல்லை. அதன் துகள்கள் கடினமானவை, ஈரம் உள்ளே போக நேரமாகும். பிசைந்த கையோடு ஓவனில் வைத்தால் துகளின் நடுப்பகுதி காய்ந்தபடியே இருக்கும். பல்லில் படும் மணல் அதுதான். துகளுக்குள் போகாத ஈரம் ஓவனில் ஆவியாகிப் போய்விடும். மிஞ்சிய கொஞ்ச ஈரமும் இரவு முழுக்க டப்பாவில் இருக்கும்போது குறைந்துவிட, காலையில் கையில் இருப்பது கல். ஆகவே மாவுக் கலவையைச் சரியாக்குவது, ஈரத்தைக் கூட்டுவது, பிசைந்த மாவை ஊறவிடுவது, குறைவாக பேக் செய்வது ஆகிய நான்கும் சேர்ந்துதான் மெத்தென்ற குக்கீ. இவற்றில் பெரும்பாலோர் தவறவிடுவது ஊறவிடுவதையும் குறைவாக பேக் செய்வதையும்.

முதலில் தராசு. கப் அளவை மறந்துவிடுங்கள். அழுத்தி நிரப்பிய ஒரு கப் அரிசி மாவுக்கும் தூவி நிரப்பிய ஒரு கப்புக்கும் 30 கிராம் வரை வித்தியாசம் வரும். மைதா குக்கீ அதைத் தாங்கும், இது தாங்காது.

இரண்டு டஜன் அளவுக்கு, 6 செ.மீ. வட்டமாக வெட்டினால், மொத்தம் 300 கிராம் மாவு வேண்டும். மிக நைஸான வெள்ளை அரிசி மாவு 150 கிராம், உருளைக்கிழங்கு ஸ்டார்ச் 60, மரவள்ளி ஸ்டார்ச் 40, தோல் நீக்கிய பாதாம் பொடி 50. இதோடு சாந்தன் கம் அரை டீஸ்பூன், பேக்கிங் பவுடர் ஒன்றரை டீஸ்பூன், உப்பு அரை டீஸ்பூன். ஈரப் பக்கத்தில் உப்பில்லாத வெண்ணெய் 115 கிராம், ஐசிங் சுகர் 130 கிராம், ஒரு முழு முட்டை, கூடவே ஒரு மஞ்சள் கரு, தண்ணீர் வடித்த கெட்டித் தயிர் அல்லது சவர் க்ரீம் 45 கிராம், வெனிலா எசென்ஸ் 2 டீஸ்பூன்.

ஒவ்வொன்றும் ஏன் இருக்கிறது என்று தெரிந்தால்தான் மாற்ற வேண்டிய நேரத்தில் தைரியமாக மாற்றலாம். அரிசி மாவு குக்கீக்கு உடம்பு கொடுக்கிறது. இரண்டு விரல்களுக்கு நடுவில் வைத்துத் தேயுங்கள். முகத்துக்குப் போடும் பவுடர் போல வழுக்க வேண்டும். சொரசொரப்புத் தட்டினால் எவ்வளவு ஊறவிட்டாலும் நறநறப்பு முழுதாகப் போகாது. இன்னொரு முறை அரைத்து நைஸ் சல்லடையில் சலியுங்கள். உருளைக்கிழங்கு ஸ்டார்ச் மென்மை தரும். மரவள்ளி ஸ்டார்ச் லேசான இழுவை தரும். ஆனால் அதைக் கூட்டிவிட்டால் குக்கீ ரப்பராகும். பாதாம் பொடியின் எண்ணெய்ச் சத்துதான் மறுநாள் மென்மைக்குப் பெரிய துணை. அரிசியின் பச்சை வாசனையையும் அது மட்டுப்படுத்தும்.

கொட்டை வகை ஒத்துக்கொள்ளாதவர்கள் பாதாமுக்குப் பதிலாக 25 கிராம் பால் பவுடரும் 25 கிராம் அரிசி மாவும் சேர்க்கலாம். சூரியகாந்தி விதைப் பொடி போடலாமே என்று சிலர் நினைப்பார்கள். போடலாம், ஆனால் அந்த விதையில் உள்ள குளோரோஜெனிக் அமிலம் பேக்கிங் சோடா, பேக்கிங் பவுடர் மாதிரியான காரப் பொருள்களோடு சேர்ந்து குக்கீயின் உள்பக்கத்தைப் பச்சையாக்கிவிடும். கெட்டுப்போனதில்லை, சாப்பிடலாம். விருந்தினர் முன் வைக்கத்தான் சங்கடம்.

சாந்தன் கம் குளூட்டனின் பிடிப்பு வேலையைச் செய்கிறது. இந்த அளவுக்கு அரை டீஸ்பூன் போதும். ஒரு டீஸ்பூனைத் தாண்டினால் வாயில் பிசுபிசுக்கும். நீங்கள் வாங்கும் ரெடிமேட் கலவையின் பாக்கெட்டைத் திருப்பிப் படியுங்கள். அதில் ஏற்கெனவே சாந்தன் அல்லது குவார் கம் இருந்தால் மேலும் சேர்க்கக் கூடாது. சாந்தன் கிடைக்கவில்லை என்றால் 5 கிராம் இசப்கோல் தூளைத் தயிரோடு கலந்து 5 நிமிடம் வைத்துச் சேர்க்கலாம். குக்கீ சற்றுத் தவிட்டு நிறத்தில் இருக்கும்.

சர்க்கரை ஏன் ஐசிங் சுகராக இருக்க வேண்டும்? இந்த மாவில் சர்க்கரை கரையும் அளவுக்குத் தண்ணீர் கிடையாது. பருமனான சர்க்கரை கரையாமல் ஓவனுக்குள் போய், அங்கே உருகி, குக்கீயைப் பரவவைத்து, ஆறும்போது மொறுமொறுப்பாக உறையும். மொறுமொறு குக்கீ வேண்டுமென்றால் அதுவே நல்லது; இங்கே வேண்டாம். பேக்கிங் சோடாவைத் தவிர்த்திருப்பதற்கும் இப்படி ஒரு காரணம் உண்டு. சோடாவின் காரத்தன்மை சிவப்பதை வேகப்படுத்தும். இந்த வகைக் குக்கீ வெளிறியபடியே இருக்க வேண்டும்.

செய்முறை நேரடியானது. உலர் பொருள்களைச் சேர்த்து இரண்டு முறை சலியுங்கள். சாந்தன் ஓரிடத்தில் திரண்டால் அங்கே ஜெல்லி மாதிரி கட்டி விழும். வெண்ணெய் விரலால் அழுத்தினால் குழி விழ வேண்டும், ஆனால் பளபளக்கக் கூடாது. 18 முதல் 20 டிகிரி செல்சியஸ் சரி. வெண்ணெயையும் ஐசிங் சுகரையும் பீட்டரில் ஒன்றரை நிமிடம் மட்டும் அடியுங்கள். கேக்குக்கு அடிப்பதுபோல் வெளுக்க அடித்தால் காற்று அதிகம் புகுந்து, குக்கீ ஓவனில் உப்பிப் பிறகு நடுவில் அமுங்கும். முட்டை, மஞ்சள் கரு, தயிர், வெனிலா எல்லாம் அறை வெப்பத்தில் இருக்கட்டும். அவற்றைச் சேர்க்கும்போது கலவை திரிந்ததுபோல் தெரிந்தால் கவலை வேண்டாம், மாவு விழுந்ததும் சரியாகிவிடும்.

மாவைச் சேர்த்த பிறகு ஒரு முழு நிமிடம் நன்றாகக் கலக்குங்கள். "மாவு சேர்த்தபின் அதிகம் கலக்காதே" என்ற பாடம் கோதுமைக்கானது. இறுகுவதற்கு இங்கே குளூட்டனே இல்லை. சாந்தன் வேலை செய்யவும் கலக்கல் தேவை. இந்தக் கட்டத்தில் மாவு பிசுபிசுவென்று, உருட்ட முடியாத பதத்தில் இருக்கும். இருக்கட்டும். இங்கே பயந்துபோய் இன்னும் இரண்டு கைப்பிடி மாவு தூவுவதில்தான் பாதிப் பேருடைய குக்கீ கல்லாகிறது.

மூடி வைத்து அறை வெப்பத்தில் 30 நிமிடம். அதன்பின் இரண்டு தட்டையான வில்லைகளாக்கி, சுற்றி, ஃப்ரிட்ஜில் ஒன்றரை மணி நேரம். முதல் அரை மணியில் மாவு ஈரத்தைக் குடிக்கிறது, அடுத்த ஒன்றரை மணியில் வெண்ணெய் இறுகுகிறது. அவசரம் என்றால் இரண்டாவதைச் சற்றுக் குறைக்கலாம், முதலாவதை முடியாது. ராத்திரியே பிசைந்து ஃப்ரிட்ஜில் வைத்தால் இன்னும் நல்லது.

உருட்டும்போது மாவு தூவாதீர்கள். இரண்டு பட்டர் பேப்பர்களுக்கு நடுவில் வைத்து, 8 மி.மீ. தடிமனுக்கு உருட்டுங்கள். ஸ்கேல் வைத்தே பாருங்கள், கண் அளவு ஏமாற்றும். 5 மி.மீ. ஆனால் நடு வேகும் முன்பே ஓரம் காய்ந்துவிடும். வெட்டிய வட்டங்களை பட்டர் பேப்பர் விரித்த தட்டில் அடுக்கி மறுபடி 15 நிமிடம் குளிரவிடுங்கள். ஓவன் முன்கூட்டியே 175 டிகிரியில் சூடாகியிருக்க வேண்டும். விசிறி ஓடும் ஓவன் என்றால் 160. வீட்டு ஓவன்கள் காட்டும் எண்ணும் உள்ளே இருக்கும் சூடும் ஒத்துப்போவது அபூர்வம். உள்ளே வைக்கும் சிறிய தெர்மாமீட்டர் ஒன்று வாங்கிக்கொண்டால் பல குழப்பங்கள் தீரும்.

முழுத் தட்டையும் வைப்பதற்கு முன் ஒரே ஒரு குக்கீயை பேக் செய்து பாருங்கள். ஒவ்வொரு மாவும் ஈரத்தை ஒவ்வொரு அளவில் குடிக்கும் என்பதால் இந்தச் சோதனை அவசியம். பரவினால் மீதி மாவில் ஒரு டேபிள்ஸ்பூன் அரிசி மாவு. விளிம்பில் வெடித்தால் ஒரு டீஸ்பூன் பால்.

நடுத்தட்டில் 10 முதல் 11 நிமிடம். எப்போது எடுப்பது என்பதுதான் சூட்சுமம். மேற்பரப்பின் பளபளப்பு மங்கியிருக்கும், ஓரம் நின்றிருக்கும், மேலே துளி நிறமும் ஏறியிருக்காது. அடியைத் தூக்கிப் பார்த்தால் விளிம்பில் மட்டும் லேசான பொன்னிறம். வேகவில்லையோ என்ற சந்தேகம் வரும் நேரம்தான் எடுக்கும் நேரம், ஏனென்றால் சூடான தட்டில் இன்னும் சில நிமிடம் வெந்துகொண்டிருக்கும். மேலே பொன்னிறம் தெரியும்வரை காத்திருந்தால் ஈரம் போய்விட்டது என்று அர்த்தம். எடுத்ததும் தொடாதீர்கள், குளூட்டன் பிடிப்பு இல்லாததால் சூட்டில் நொறுங்கும். 10 நிமிடம் தட்டிலேயே வைத்து, பிறகு கம்பி ரேக்கில் முழுதாக ஆறவிடுங்கள்.

இப்போது ஃப்ராஸ்டிங். அது வழுக்குவதற்குக் காரணங்கள்: குக்கீ வெதுவெதுப்பாக இருந்தது, வெண்ணெய் அளவுக்கு மீறி இளகியிருந்தது, அல்லது பால் கூடிவிட்டது. வெண்ணெய் சுமார் 32 டிகிரியில் உருகத் தொடங்கும்; அதற்கு முன்பே தளர்ந்துவிடும். அடிப்பக்கம்கூடக் குளிர்ந்த பிறகே குக்கீயில் பூச வேண்டும். வெண்ணெய் 115 கிராமை 3 நிமிடம் அடித்து, சலித்த ஐசிங் சுகர் 280 கிராமை இரண்டு தவணையாகச் சேர்த்து, வெனிலா ஒரு டீஸ்பூன், உப்பு ஒரு சிட்டிகை. பால் ஒரு டேபிள்ஸ்பூனில் தொடங்கி டீஸ்பூன் டீஸ்பூனாக ஏற்றுங்கள். ஸ்பாட்டுலாவைத் தூக்கினால் கூர் நிற்க வேண்டும், நுனி மட்டும் மடங்க வேண்டும். வெக்கையான நாளில் வெண்ணெயில் மூன்றில் ஒரு பங்கை வெள்ளை ஷார்ட்டனிங்காக (கெட்டியான சமையல் கொழுப்பு) மாற்றுங்கள். அதன் உருகுநிலை அதிகம். சுவை ஒரு படி குறையும், ஆனால் நிற்கும். நிறம் வேண்டுமென்றால் ஜெல் நிறம். தண்ணீர் நிறம் க்ரீமை இளக்கும்.

ஒரு குக்கீக்கு ஏறக்குறைய ஒரு டேபிள்ஸ்பூன் ஃப்ராஸ்டிங்கை ஓரம்வரை இழுத்துப் பூசுங்கள். அது அலங்காரம் மட்டுமில்லை. மேல்பக்க ஈரம் வெளியேறாமல் மூடியும் போடுகிறது. பூசியபின் ஒன்றிரண்டு மணி நேரம் திறந்து வைத்தால் மேலே மெல்லிய தோல் கட்டும், பிறகு டப்பாவில் வைக்கலாம். செய்த அன்றைவிட மறுநாள் இந்தக் குக்கீ நன்றாக இருக்கும்.

சீலியாக் நோய் (குளூட்டன் பட்டால் சிறுகுடல் பாதிக்கப்படும் நோய்) உள்ளவருக்கு என்றால் சமையல் முறையைவிடத் தூய்மை முக்கியம். குளூட்டன் இல்லை என்று முத்திரை குத்தச் சர்வதேச உணவுத் தரநெறியான கோடெக்ஸ் அனுமதிக்கும் உச்ச அளவு கிலோவுக்கு 20 மில்லிகிராம். கோதுமை மாவு சலித்த அதே சல்லடையைக் கழுவிப் பயன்படுத்தினால்கூட அதைத் தாண்ட வாய்ப்பிருக்கிறது. சல்லடை, மரப் பூரிக்கட்டை, மரக் கரண்டி ஆகியவற்றைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். அதே நாளில் அதே சமையலறையில் மைதா தூவ வேண்டாம், மாவுத்தூசி காற்றில் மிதந்து வந்து படியும். பேக்கிங் பவுடரிலும் மேலே தூவும் வண்ணச் சர்க்கரை மணிகளிலும் கோதுமை ஸ்டார்ச் இருக்கலாம். லேபிளைப் படிக்காமல் வாங்காதீர்கள்.

வைப்பதில் கடைசி எச்சரிக்கை ஃப்ரிட்ஜ். அந்தக் குளிரில் வெண்ணெய் இறுகும், வெந்த ஸ்டார்ச்சும் சீக்கிரம் விறைக்கும். காற்றுப் புகாத டப்பாவில் அறை வெப்பத்தில் இரண்டு மூன்று நாள் தாங்கும். அறையே கொதிக்கிற வெயிலில் ஃப்ரிட்ஜ் தவிர வழியில்லை என்றால், பரிமாற 40 நிமிடம் முன்பே வெளியே எடுங்கள். நெடுநாளுக்கு ஃப்ரீசர்தான்: க்ரீம் பூசாத குக்கீகளை நடுவே பட்டர் பேப்பர் வைத்து அடுக்கினால் இரண்டு மாதம் கெடாது. வெளியே எடுத்ததும் மூடியைத் திறக்காதீர்கள். நீர்த்துளிகள் குக்கீயின் மேல் அல்லாமல் டப்பாவின் வெளிப்புறத்தில் படியட்டும். ஒரு மணி நேரம் கழித்துத் திறந்து க்ரீம் பூசலாம்.